ஆபரேஷன் 3 மணி நேரம். ஓய்வு 6 வாரம்!

மார்பகத்தை உயர்த்தி அமைக்கும் ஆபரேஷன் 2 அல்லது 3 மணி நேரத்தில் முடிந்துவிடும். உடம்பு தேறுவதற்கோ ஏறக்குறைய 6 வாரம் ஆகும். உல்லாஸ்நகரில் வாடகை அறையில் குடியிருந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, தையல் மிஷினிலும் உட்காரும் ஒரு பெண்ணுக்கு அந்த 6 வாரத்தை யார் கொடுப்பது? டாக்டர் கொடுக்க முடியாது. வீட்டார்தான் கொடுக்க வேண்டும்.

பிள்ளைப்பேறு, வயது, உடல் எடை ஏறி இறங்குதல் ஆகியவற்றால் மார்பகம் தளர்ந்து தொங்கும். தாய்ப்பால் கொடுத்ததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆபரேஷனில் மிகுதியான தோலை எடுத்துவிட்டு, காம்பை மேலே நகர்த்தி வைத்துத் தைக்கிறார்கள். மார்பகத்தின் கனத்தால் கழுத்தும் தோளும் வலிப்பவர்களுக்குச் சதையையும் குறைக்கிறார்கள். இரண்டிலும் உடம்பு தேறும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான்.

பணக்காரர் வைத்தியமா?

சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் 2018-ம் ஆண்டு, மார்பகச் சீரமைப்பு ஆபரேஷன்களை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யும் ஏற்பாடு தொடங்கியது. "அரசுப் பணத்தில் அழகு வைத்தியமா?" என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. உள்ளாடைப் பட்டி தோளில் பள்ளம் பதித்த பெண்ணிடம் அவர்கள் கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் நோஷிர் ஆன்டியா, தொழுநோயாளிகளின் முகத்தையும் கையையும் சீராக்கப் பயன்படுத்தியதும் இதே பிளாஸ்டிக் சர்ஜரியைத்தான்.

குடம் தூக்கலாமா?

ஆபரேஷன் முடிந்தவர்கள் மறுநாளே எழுந்து மெல்ல நடக்க வேண்டும். காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது அவசியம். நடந்துவிட்டாரே என்று வேலையில் இறக்கிவிடக் கூடாது! தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

முதல் சில வாரங்களுக்கு 2, 3 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது டாக்டர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 15 லிட்டர் குடத்தில் தண்ணீரின் எடை மட்டுமே 15 கிலோ. இடுப்பில் ஏறத் துடிக்கும் 2 வயதுக் குழந்தையும் ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். துணி பிழிவது, மாவாட்டுவது, பரணில் இருந்து பாத்திரம் எடுப்பது எல்லாமே நெஞ்சுத் தசையை இழுக்கும் வேலைகள். தையல் இந்த இழுப்பில்தான் பிரிகிறது.

பிரசவம் ஆனவளுக்கு 40 நாள் வேலை கொடுக்காமல் பார்த்துக்கொள்வது நம் வீடுகளில் புதிதல்ல. ஊரில் இருந்து அம்மாவோ அக்காவோ ரெயில் ஏறி வருகிறார்கள். இதற்கும் அப்படி ஒருவர் வர வேண்டும். ஆனால் பிரசவம் என்றால் ஊருக்கே சொல்லலாம். இதைப் பக்கத்து அறைக்குக்கூடச் சொல்லக் கூச்சம். அதனால் ஆள் கூப்பிடாமல், வலியை மறைத்துக்கொண்டு 4-வது நாளே குழாயடியில் நிற்க நேர்கிறது. "நெஞ்சில் ஒரு ஆபரேஷன்" என்று சொன்னால் போதாதா? கணவர் 6 வாரம் குடம் தூக்கினால் குறைந்தா போய்விடுவார்?

மல்லாந்துதான் படுக்க வேண்டும். தாங்கிப் பிடிக்கும் பிரத்தியேக உள்ளாடையை, டாக்டர் சொல்லும் காலம் வரை இரவும் பகலும் அணிய வேண்டும். தையலில் மஞ்சளோ எண்ணெயோ தாமாகத் தடவக் கூடாது.

"முட்டை, மீன் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும்" என்று பத்தியம் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புண் ஆறத் தேவையானதே புரதச் சத்துதான். முட்டை, மீன், பருப்பு தாராளமாகக் கொடுக்கலாம். வலி மாத்திரைகள் சில மலச்சிக்கல் உண்டாக்கும் என்பதால் கீரையும் பப்பாளியும் நல்லது.

ரெயிலில் போகலாமா?

எழுத்து வேலை பார்க்கும் பெண்கள் ஒன்றிரண்டு வாரத்தில் மேஜைக்குத் திரும்பலாம். ஆனால் உல்லாஸ்நகரில் இருந்து சி.எஸ்.எம்.டி. சுமார் 58 கிலோமீட்டர். காலை நேர நெரிசலில் கையை உயர்த்திக் கைப்பிடியைப் பிடிப்பதும், நெஞ்சில் முழங்கை இடி வாங்குவதும் மேஜை வேலை ஆகாது. விடுப்பைக் கணக்கிடும்போது பயணத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். ஜீன்ஸ் தைப்பவர்கள் கனமான துணியை நாள் முழுவதும் தள்ளுகிறார்கள். அவர்களுக்கு இன்னும் கூடுதல் காலம் தேவை.

காய்ச்சல், சீழ், பரவும் சிவப்பு, ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி இறுகுதல் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியைத் தேடி ரெயில் ஏறாமல் அருகில் உள்ள அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும்.

அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் பொதுவாகப் பணம் தராது. உடல்நலத்துக்கு அவசியம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் நிலைமை மாறலாம். அதை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. இன்னும் பிள்ளை பெறும் எண்ணம் உள்ளவர்கள் அதையும் முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பால் சுரப்பு குறையலாம். அடுத்த பிரசவத்துக்குப் பின் மீண்டும் தளரவும் கூடும்.

வீக்கம் வடியச் சில மாதங்கள் ஆகும். தழும்பு முதலில் சிவந்தோ கறுத்தோ தடிப்பாகத் தெரியும். அது மங்க ஓராண்டும் ஆகலாம், முற்றிலும் மறையாது. 2-வது மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து அழும் பெண்களுக்கு இதை முன்கூட்டியே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.