கண்ணாடிக்கு வெளியே பார்க்காத தேர்வு

வெளியே எதையும் பார்க்காமல், கருவிகளின் முள்ளை மட்டும் நம்பி விமானம் ஓட்டுவதற்கென்று தனித் தகுதி உண்டு. விமானிகள் அதை ‘ஐ.ஆர்.’ (இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்) என்பார்கள். இந்தியாவில் இதை வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. வர்த்தக விமானி உரிமம் வைத்திருப்பவர்கூட ஐ.ஆர். இல்லாமல் மேகத்துக்குள் நுழையக் கூடாது. அதைப் பெற, தலைமை விமானியாக 50 மணி நேரம் ஊர்விட்டு ஊர் பறந்திருக்க வேண்டும். கருவிப் பயிற்சி 40 மணி நேரம் வேண்டும். அந்த 40-இல் ஒரு பகுதியைத் தரையிலேயே சிமுலேட்டரில் முடித்துக்கொள்ளலாம்.

இத்தகுதி ஏன் வேண்டும் என்பதைத் தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தில் நின்று வடக்கே பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டரில் இருக்கிறது. அதன் தலைமாட்டிலேயே பழனி மலை 2,500 மீட்டருக்கு மேல் எழுகிறது. மேற்கே ஏலமலை, தெற்கே மேகமலை. தென்மேற்குப் பருவத்தில் இந்த மலைகளின் உச்சி பல நாள் மேகத்துக்குள்தான். மதுரையிலிருந்து மேகத்துக்குக் கீழே தாழப் பறந்து கம்பம் பள்ளத்தாக்குக்குள் வரும் விமானத்துக்கு, போகப்போகப் பள்ளத்தாக்கு குறுகும், மேகம் இறங்கும், திரும்ப இடம் இருக்காது.

மேகத்துக்குள் சிக்கியவரை முதலில் ஏமாற்றுவது அவருடைய காது. உட்காதில் உள்ள திரவம்தான் உடல் திரும்புவதை உணர்த்துகிறது. மிக மெதுவாகச் சாய்ந்தால் அது அசையாது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் சிறிது நேரத்தில் அசைவு அடங்கிவிடும். ராட்டினத்தை விட்டு இறங்கிய பிள்ளைக்குத் தரை எதிர்ப்பக்கம் சுற்றுவதுபோல, விமானத்தை நேராக்கிய விமானிக்கு எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். அதைச் சரிசெய்யப் போய் மீண்டும் பழைய சாய்வுக்கே போவார். 1954-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்துச் சோதித்தார்கள். கட்டுப்பாடு கைவிட்டுப் போகச் சராசரியாக ஆன நேரம் 178 விநாடி, அதாவது மூன்று நிமிடம்கூட இல்லை.

ஆகவே பயிற்சியின் பெரும்பகுதி உடம்பு சொல்வதைக் கேட்காமலிருக்கப் பழகுவதுதான். கருவிப் பலகையைத் தவிர வேறெதுவும் தெரியாதபடி மாணவர் நெற்றியில் ‘ஹூட்’ என்ற மறைப்பை மாட்டுவார்கள். வெளியே கவனித்துக்கொள்ளப் பக்கத்தில் பயிற்றுநர் இருப்பார். மாணவரின் கண் விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கைத் தொடுவானத்தில் தொடங்கி, உயரமானிக்குப் போய், திரும்பி வந்து, திசைமானிக்குப் போய், இப்படியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரே முள்ளில் கண் நிலைத்துவிட்டால் மற்றவை அதற்குள் விலகிவிடும். அமெரிக்கத் தேர்வில் உயரம் 100 அடி, திசை 10 டிகிரி, வேகம் 10 நாட் வரைதான் பிசகலாம்.

தேர்வு நாளில் இன்ஜினைக் கிளப்புமுன் வாய்மொழிக் கேள்விகள் வரும். வானிலை அறிக்கையை வாசிப்பது எளிது. அதை வைத்து முடிவெடுப்பதில்தான் மனப்பாடக்காரர்கள் மாட்டிக்கொள்வார்கள். மதுரை மூடிவிட்டால் எங்கே போவது? திருச்சிக்கா, கோவைக்கா? அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் 45 நிமிடம் பறக்க எரிபொருள் மிஞ்சுமா? மலைப்பகுதியில் 8 கிலோமீட்டருக்குள் உள்ள மிக உயர்ந்த தடைக்கு மேல் 2,000 அடி இடைவெளி வேண்டும். கொடைக்கானல் பக்கத்து 2,533 மீட்டர் வந்தரவு சிகரம் என்றால், 10,300 அடிக்குக் கீழே இறங்க முடியாது. சிறிய பயிற்சி விமானம் அந்த உயரத்துக்கு மூச்சு வாங்கித்தான் ஏறும்.

பறக்கும்போது தவறாமல் வருவது ஹோல்டிங். தரையிறங்க முறை வரும்வரை ஒரு புள்ளியைச் சுற்றிக் காத்திருப்பது இது. விநாடிக்கு 3 டிகிரி வீதம் ஒரு நிமிடத் திருப்பம், ஒரு நிமிட நேர்ப்பறப்பு, மறுபடியும் அதே இரண்டும். காற்றில்லாத நாளில் இது சுலபம். கம்பம் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று போன்ற ஒன்று 30 நாட் வேகத்தில் குறுக்கே அடித்தால், ஒரு நிமிடத்தில் விமானம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஒதுங்கிவிடும். மூக்கை எத்தனை டிகிரி காற்றின் பக்கம் வைப்பது, எத்தனை விநாடி குறைப்பது என்று ஓட்டிக்கொண்டே மனக்கணக்குப் போட வேண்டும்.

பிறகு ஐ.எல்.எஸ். இறக்கம். ஓடுபாதையிலிருந்து வரும் வானொலி அலையைப் பிடித்து, 3 டிகிரி சரிவில் 200 அடி வரை வரலாம். அங்கே ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியாவிட்டால், உடனே மேலேறிவிட வேண்டும். இந்த இறக்கத்துக்கு முன் உயரமானியில் காற்றழுத்தத்தைச் சரியாக வைப்பதைப் பயிற்றுநர்கள் ஓயாமல் நினைவூட்டுவார்கள். 10 ஹெக்டோபாஸ்கல் கூடுதலாக வைத்தால் உயரமானி 270 அடிக்கு மேல் பொய் சொல்லும். அது 200 அடி காட்டுவதற்குள் விமானம் தரையைத் தொட்டுவிடும்.

மேலேறுவதைத் தோல்வியாக நினைத்து, இன்னும் ஐம்பதடி பார்க்கலாம் என்று இறங்குகிறவரைத் தேர்வாளர் தேற விடமாட்டார். செயற்கைத் தொடுவானத்தையும் திசைமானியையும் மூடி, எஞ்சிய கருவிகளோடு ஓட்டச் சொல்வதும் உண்டு. இதைச் சிமுலேட்டரில் அலுக்கும்வரை பழகியவர்கள் பதறுவதில்லை.

தேர்ச்சி பெற்றாலும் தகுதி 12 மாதத்துக்குத்தான். அதற்குப் பிறகும் மேகத்துக்குள் பறக்க, மறுபடி தேர்வாளரோடு பறந்து காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.