கன்றும் கறவைத் தொழிலும்

பால் என்றவுடன் பசுவை நினைக்கிறோம், கன்றை நினைப்பதில்லை. ஈனாத பசுவுக்கு ஏது பால்? பால் தொழில் முழுமைக்கும் மூலம் கன்றே எனலாம்.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். மனிதக் குழந்தை கருவிலேயே, நச்சுக்கொடி வழியாக, தாயிடமிருந்து நோயெதிர்ப்புப் பொருள்களைப் பெற்றுவிடுகிறது. கன்றுக்கு அவ்வழி இல்லை. சீம்பாலிலிருந்தே அவற்றைப் பெற வேண்டும். பிறந்து 24 மணி நேரத்தில் அதன் குடல் அவற்றை உட்கவரும் ஆற்றலை ஏறக்குறைய இழந்துவிடும். ஆகவே முதல் சில மணி நேரத்திற்குள்ளேயே கன்று சீம்பாலை வயிறாரக் குடித்தாக வேண்டும். சீம்பாலைக் காய்ச்சி அண்டை வீட்டாருக்கும் கொடுப்பது நம் வழக்கம். நல்ல வழக்கந்தான், ஆனால் கன்று குடித்தது போக மீந்ததே நம் பங்கு.

பிறந்த கன்றுக்கு நான்காம் இரைப்பையே வேலை செய்கிறது. புல்லும் தீவனமும் தின்னத் தொடங்கிய பின்னரே முதல் இரைப்பை வளர்ந்து, கன்று அசைபோடுகிறது.

நம் சிவகங்கைச் சீமையின் புலிக்குளம் மாடு கிடைக்கும் மஞ்சுவிரட்டுக்கும் பெயர் பெற்றது, பால் குறைவு. எனவே கறவைக்குக் கலப்பினப் பசுக்கள் வந்தன. 1946இல் குஜராத்தின் ஆனந்தில் தோன்றிய கூட்டுறவு, 1970இல் வெண்மைப் புரட்சியாக நாடெங்கும் பரவத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1981இல் பால் உற்பத்தியாளர்களின் கூட்டுறவு இணையம் அமைந்தது. அதன் பாலே ஆவின்.

இன்று சீம்பாலுக்கு ஏங்கும் கிடேரிக் கன்றே நாளைய கறவைப் பசு. அதன் வாயை மறந்தால் நம் குவளையும் வறளும்.