இருதட மதிப்பீட்டு முறை

இருதட மதிப்பீட்டு முறை என்பது பல்கலைக்கழகப் பாடங்களுக்கான மதிப்பீடுகளைக் கண்காணிப்புக்கு உட்பட்டவை, திறந்தவை என இரு தடங்களாகப் பிரித்து வடிவமைக்கும் அணுகுமுறை ஆகும். கட்டுரை, கணினி நிரல், ஆய்வறிக்கை ஆகியவற்றை ஆக்கச் செயற்கை அறிவுத்திறன் மென்பொருட்களே எழுதித் தரக்கூடிய நிலையில், ஒருவர் பெறும் பட்டம் அவரது சொந்தத் திறனுக்குச் சான்றாகுமா என்ற கேள்வி எழுந்தது. அதற்கு விடையாக ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் இம்முறை உருவாக்கப்பட்டது. டானி லியூ, ஆடம் பிரிட்ஜ்மேன் ஆகியோர் 2023 ஆம் ஆண்டில் இதனை முன்வைத்தனர். 2025 ஆம் ஆண்டில் அப்பல்கலைக்கழகத்தில் இது நடைமுறைக்கு வந்தது.

பின்னணி

ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி மென்பொருளை வெளியிட்டது. அதுவரை வீட்டில் எழுதிச் சமர்ப்பிக்கும் ஒப்படைகள் மாணவரின் சிந்தனைக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டன. இந்த நம்பிக்கை எந்த அளவுக்குத் தளர்ந்தது என்பதை இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு காட்டியது. அதில் 33 கற்பனை மாணவர்களின் பெயரில், செயற்கை அறிவுத்திறன் எழுதிய விடைகள் உளவியல் தேர்வுகளில் சமர்ப்பிக்கப்பட்டன. 2024 ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி அவற்றுள் 94 விழுக்காடு திருத்துநர்களால் கண்டறியப்படவில்லை. அவை சராசரியாக உண்மையான மாணவர்களை விடக் கூடுதல் மதிப்பெண்களையும் பெற்றன.

கண்டறி மென்பொருட்களின் குறைபாடு

இயந்திரம் எழுதியதை இயந்திரத்தைக் கொண்டே கண்டறியும் முயற்சி முதலில் மேற்கொள்ளப்பட்டது. ஓப்பன்ஏஐ வெளியிட்ட கண்டறி மென்பொருள், இயந்திரம் எழுதிய உரைகளில் 26 விழுக்காட்டை மட்டுமே சரியாக இனங்கண்டது. மனிதர் எழுதியவற்றில் 9 விழுக்காட்டைத் தவறாகக் குறித்தது. 2023 சூலையில் அது திரும்பப் பெறப்பட்டது.

இவ்வீதங்களின் விளைவை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கின் மூலம் விளங்கிக்கொள்ளலாம். 1000 கட்டுரைகளில் 100 மட்டும் இயந்திரம் எழுதியவை எனக் கொள்வோம். அவற்றில் 26 பிடிபடும். எஞ்சிய 900 நேர்மையான கட்டுரைகளில் 81 தவறாகக் குறிக்கப்படும். அதாவது ஐயத்துக்குள்ளாகும் 107 மாணவர்களில் 81 பேர் குற்றமற்றவர்கள். ஏமாற்றியவர்களில் 74 பேர் தப்பிவிடுவர்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் இதனால் மேலும் பாதிக்கப்படக்கூடும். 2023 ஆம் ஆண்டில் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்களின் ஆய்வில், இத்தகையோர் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகள் ஏழு கண்டறி மென்பொருட்களிடம் தரப்பட்டன. தவறாகக் குறிக்கப்பட்டவை சராசரியாக 61 விழுக்காட்டுக்கும் மேல். எளிய சொற்களையும் வழக்கமான வாக்கிய அமைப்புகளையும் இயந்திர நடை எனக் கணிப்பதே இதற்குக் காரணம் ஆகும்.

முதல் தடம்

முதல் தடத்தில் உள்ளவை கண்காணிப்புக்கு உட்பட்ட மதிப்பீடுகள். மாணவர் குறித்த திறனை உண்மையில் பெற்றுள்ளாரா என்பதை உறுதிசெய்வதே இவற்றின் நோக்கம். எழுத்துத் தேர்வு, வாய்மொழித் தேர்வு, ஆய்வுகூடச் செய்முறை, வகுப்பறையில் நேரடியாக எழுதும் பணி முதலியன இதில் அடங்கும். செயற்கை அறிவுத்திறனை அனுமதிப்பதா இல்லையா என்பதை ஆசிரியர் தீர்மானிப்பார். கண்காணிப்பு உள்ளதால் அத்தீர்மானத்தை நடைமுறைப்படுத்தவும் இயலும்.

இரண்டாம் தடம்

இரண்டாம் தடத்தில் உள்ளவை திறந்த மதிப்பீடுகள். கற்றலை வளர்ப்பதே இவற்றின் நோக்கம். இங்கு செயற்கை அறிவுத்திறனுக்குத் தடை இல்லை. பயன்படுத்திய விதத்தை மாணவர் குறிப்பிட வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு நிரலாக்கப் பாடத்தில் மாணவர் இயந்திரத்தின் உதவியுடன் ஒரு செயலியை உருவாக்கலாம். இயந்திரம் தந்த நிரலில் உள்ள பிழைகளை ஆராய்ந்து அறிக்கை எழுதுவதும் அப்பணியின் பகுதியாகலாம். அதே நிரலின் ஒரு பகுதியை ஆசிரியர் முன்னிலையில் மாற்றியமைத்து விளக்குவது முதல் தடத்துக்கு உரியது.

நடுத்தடம் இல்லாமை

எழுத்துப்பிழை திருத்த மட்டும் பயன்படுத்தலாம், கருத்துத் திரட்ட மட்டும் பயன்படுத்தலாம் என்பன போன்ற இடைநிலை விதிகளை இம்முறை தவிர்க்கிறது. கண்காணிப்பு இல்லாத இடத்தில் இவ்விதிகள் மீறப்பட்டனவா எனச் சரிபார்க்க இயலாது. விதியை மதிக்கும் மாணவர் பின்தங்க, மீறுபவர் முன்னேறும் நிலை உருவாகும். எனவே விதியின் சொற்களை மாற்றுவது போதாது, மதிப்பீட்டின் கட்டமைப்பையே மாற்ற வேண்டும் என்பது இதன் அடிப்படைக் கருத்து ஆகும்.

பட்டப்படிப்பு அளவிலான வடிவமைப்பு

ஒவ்வொரு ஒப்படையையும் கண்காணிப்புக்கு உட்படுத்துவது இம்முறையின் நோக்கம் அன்று. பட்டப்படிப்பு முழுவதையும் ஒன்றாக நோக்கி, தேவையான திறன்கள் யாவும் ஓரிடத்திலேனும் முதல் தடத்தில் சோதிக்கப்படுமாறு திட்டமிட வேண்டும். ஆஸ்திரேலிய உயர்கல்வி ஒழுங்காற்று அமைப்பான டெக்சா 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டி ஆவணமும், ஒரே வகைச் சோதனையை நம்பாமல் பல வகை அணுகுமுறைகளைக் கொண்டு மாணவரை மதிப்பிட வலியுறுத்துகிறது.

விமர்சனங்கள்

* கால வரையறையுள்ள எழுத்துத் தேர்வு நினைவாற்றலுக்கும் வேகத்துக்கும் அதிக இடம் தரக்கூடும். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி ஏற்பாடுகள் தேவைப்படும்.
* வாய்மொழித் தேர்வுக்கு ஆசிரியர் நேரம் அதிகம் தேவை. 400 மாணவர்களுக்குத் தலா 15 நிமிடம் எனில் 100 மணி நேரம் ஆகும்.
* தொலைதூரக் கல்வி மாணவர்கள் நேரில் வருவது கடினம்.
* கட்டணம் செலுத்திச் சிறந்த மென்பொருளைப் பெறுபவர் இரண்டாம் தடத்தில் முந்த வாய்ப்புள்ளது. எனவே கருவிகளைப் பல்கலைக்கழகமே அனைவருக்கும் வழங்க வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

* செயற்கை அறிவுத்திறன்
* கருத்துத் திருட்டு
* வாய்மொழித் தேர்வு