நெட் பேங்கிங் பாஸ்வேர்டு மறந்துடுச்சா? கூகுள்ல நம்பர் தேடாதீங்க!

வேப்பந்தட்டை பக்கம் மக்காச்சோளம், பருத்தி வித்த பணம் அக்கவுண்ட்டுல வந்து நிக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பாஸ்வேர்டு மறக்கும். உடனே நிறைய பேர் பேங்க் பேரைப் போட்டு கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடுறாங்க. போலி நம்பர்கள் காத்திருக்கிறதே அங்கேதான். "ஸ்கிரீன் ஷேர் ஆப் ஒண்ணு இறக்குங்க"ன்னு சொன்னா, யோசிக்காம கட் பண்ணிடுங்க.

பாஸ்வேர்டு மாத்த யார் தயவும் வேண்டாம். பேங்க் ஆப்லயோ வெப்சைட்லயோ 'ஃபர்காட் பாஸ்வேர்டு' இருக்கும். அக்கவுண்ட் நம்பர், ஏடிஎம் கார்டு, பதிவு செய்த மொபைலுக்கு வரும் ஓடிபி, பெரும்பாலும் இவ்வளவுதான். பழைய சிம்மைத் தூக்கிப் போட்டுட்டீங்களா? அப்போ முதல்ல கிளைக்குப் போய் நம்பரை மாத்துங்க.

கம்ப்யூட்டர்ல செய்றவங்க வெப்சைட் முகவரியைப் பாருங்க. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாறணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. பிரவுசிங் சென்டர்ல மட்டும் இந்த வேலையே வேண்டாம்.

ஓடிபியை நீங்களே சொல்லிட்டா, வங்கிக்குத் தகவல் சொல்ற வரைக்கும் போன பணம் உங்க நஷ்டம்னுதான் ரிசர்வ் வங்கியோட 2017 விதி சொன்னது. அதனால வெட்கப்படாம அந்த நிமிஷமே வங்கிக்கும் 1930-க்கும் போன் போடுங்க.