கிரெடிட்: ஒரு சொல், பல கணக்கு

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள நம் கெடார் கடைவீதியில் "கிரெடிட்" என்ற சொல் காதில் விழாத நாள் இல்லை. மொத்த வியாபாரி "கிரெடிட் 15 நாள்தான்" என்கிறார். கம்பெனிப் பிரதிநிதி காலாவதியான பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு "கிரெடிட் நோட் வந்துடும் அண்ணாச்சி" என்று போகிறார். வங்கியிலிருந்து "கிரெடிட் ஆனது" என்று செல்போனில் செய்தி வருகிறது. ஆடிட்டர் அலுவலகத்திலோ "இன்புட் கிரெடிட் பில் எங்கே?" என்று கேட்கிறார்கள். சொல் ஒன்றுதான், நால்வர் சொல்வதும் நான்கு வேறு பொருள். பொருள் மாற்றிப் புரிந்துகொண்டால் நஷ்டம் நம் கல்லாவுக்குத்தான் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்தே பார்ப்போம்.

லத்தீன் மொழியில் "நம்புதல்" என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்த சொல் இது. நம்பிக் கொடுப்பது எதுவோ அது கிரெடிட். நம் தமிழிலும் இதற்கு ஈடான ஒரு சொல் உண்டு. "நாணயம்" என்றால் காசு. "அவர் நாணயமான ஆள்" என்றால் சொன்ன தேதியில் பணம் தருகிறவர். மார்க்கெட்டில் ஒருவருக்கு "நல்ல கிரெடிட்" இருக்கிறது என்பதும் இந்த நாணயத்தைத்தான்.

குழப்பம் தொடங்குவது நம் பற்று நோட்டில். மல்லாட்டை பிடுங்கி விற்றதும் தருகிறேன் என்று ஒரு விவசாயி மளிகை வாங்கிப் போகிறார். நாம் அதைக் "கிரெடிட்" என்கிறோம். நோட்டிலோ "பற்று" என்று எழுதுகிறோம். கணக்குப் பதிவியல் படித்த பிள்ளையைக் கேட்டால், பற்று என்பது டெபிட், வரவு என்பதுதான் கிரெடிட் என்பான். அவன் சொல்வதும் சரி, நம் நோட்டும் சரி. பேச்சில் கிரெடிட் என்றால் கடன். பேரேட்டில் கிரெடிட் என்றால் வரவுப் பக்கம். பொருளைப் பெற்றுக்கொண்டவர் பெயரில் பற்று எழுதுவது நம் முன்னோர் காலத்து வழக்கம். அதைத்தான் ஆங்கிலக் கணக்கும் டெபிட் என்கிறது. வடக்கத்தி வியாபாரிகள் வரவுப் பக்கத்தை "ஜமா" என்பார்கள். தாலுகா அலுவலகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியில் உள்ள ஜமாவும் அதுவே.

வங்கிப் பாஸ்புத்தகம் இன்னும் ஒரு படி மேலே போய்க் குழப்பும். நாம் 10,000 ரூபாய் கட்டினால் அதில் கிரெடிட் என்று வருகிறது. நம் பேரேட்டில் அதே தொகையை வங்கியின் பெயரில் பற்று எழுதுகிறோம். காரணம், பாஸ்புத்தகம் வங்கி தன் பார்வையில் எழுதும் கணக்கு. நமக்குத் தர வேண்டிய பணம் என்று அது நம் பெயரில் வரவு வைக்கிறது. ஓவர் டிராப்ட் வைத்திருப்பவர்கள் கணக்கின் இறுதியில் டெபிட் இருப்பு என்று கண்டால் பணம் மிச்சம் என்று மகிழ வேண்டாம். அது நாம் வங்கிக்குத் தர வேண்டியது.

இந்தச் சொல்லை வைத்தே ஏமாற்றும் கூட்டமும் உண்டு. "5,000 ரூபாய் கிரெடிட்" என்று வங்கி அனுப்பியதைப் போலவே ஒரு குறுஞ்செய்தி வரும். அடுத்த நிமிடம் ஒருவர் போன் செய்து, "தவறுதலாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன், ஆஸ்பத்திரிச் செலவு, திருப்பி அனுப்புங்கள்" என்று கெஞ்சுவார். வங்கியின் செயலியைத் திறந்து இருப்பைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. பணம் நம் கணக்கில் வருவதற்கு நாம் ரகசிய எண் போட வேண்டியதே இல்லை. எண்ணைக் கேட்டால் பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.

அடுத்து கிரெடிட் நோட். இதைக் கடன் சீட்டு என்று நினைத்துப் பயந்து அலமாரியில் போட்டுவைப்பவர்கள் உண்டு. இது நமக்கு எதிரானது அல்ல. திருப்பிய சரக்குக்கும் விலை வித்தியாசத்துக்கும் கம்பெனி நம் பெயரில் வரவு வைத்ததற்கான சீட்டு. அடுத்த பில்லில் கழிக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். ஜிஎஸ்டி வரியையும் சேர்த்துக் குறைத்துத் தரும் சீட்டானால், சரக்கு விற்ற நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள், அல்லது ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும் நாளுக்குள், எது முந்தியோ அதற்குள் அவர்கள் கணக்கில் காட்டியாக வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்று பிரதிநிதி இழுத்தால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

இன்புட் கிரெடிட்டை "உள்ளீட்டு வரி வரவு" என்று தமிழில் எழுதுகிறார்கள். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபிறகு இந்தச் சொல் பட்டிதொட்டியெல்லாம் பரவிவிட்டது. ஒரு லட்சம் ரூபாய்க்கு எண்ணெய் வாங்கும்போது 5 சதவீதம், அதாவது 5,000 ரூபாய் வரி கொடுக்கிறோம். அதையே 1,04,000-க்கு விற்றால் வாங்க வேண்டிய வரி 5,200. முன்பு கொடுத்த 5,000 நமக்கு வரவாக இருப்பதால் 200 கட்டினால் போதும். ஆனால் நமக்கு விற்றவர் அந்த பில்லைத் தன் கணக்கில் காட்டியிருக்க வேண்டும். பில் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் அவருக்குப் பணமும் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எடுத்த வரவை வட்டியுடன் திருப்பிக் கட்டிவிட்டு, பணம் கொடுத்தபிறகு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆக, மொத்த வியாபாரி தரும் கிரெடிட்டை அளவுக்கு மீறி இழுத்தால் அரசாங்கம் தரும் கிரெடிட் போகும்! காம்போசிஷன் முறையில் இருக்கும் சிறு கடைக்காரர்களுக்கு இந்த வரவு கிடையாது.

இனி நாம் கொடுக்கும் கடனுக்கு வருவோம். கெடு எதுவும் பேசாமல் கொடுத்த சரக்கின் விலைக்கு, சரக்கு கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். 30 நாள் கிரெடிட் என்று பேசியிருந்தால் அந்த 30 நாள் முடிந்தபிறகே மூன்று ஆண்டு தொடங்கும். காலம் முடிவதற்குள் பாக்கிதாரர் "இவ்வளவு தர வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் மறுபடி புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும்.

நம் கடைக்காரர்கள் பலர் அறியாத இன்னொன்று: கணக்கு நோட்டில் நாம் எழுதிய பதிவு மட்டுமே ஒருவர் மீது கடனைச் சுமத்தப் போதாது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் தொடர்கிறது. நோட்டோடு பில், கையெழுத்து, சாட்சி என்று வேறு ஆதாரமும் வேண்டும். தெரிந்தவரிடம் கையெழுத்துக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை பாக்கியைக் கூட்டிக் காட்டி, "சரியா பாருங்கண்ணா, ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றால் முகம் சுளிப்பவர் குறைவு.

கிரெடிட் கார்டைக் கடன் அட்டை என்கிறோம். ஆனால் அந்தக் கடன் வாடிக்கையாளருக்கும் வங்கிக்கும் இடையில் உள்ளது. நமக்கு அது ரொக்க விற்பனையே. கட்டணப் பிடித்தம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பெயரில் வரும் கடனும் ஆங்கிலத்தில் கிரெடிட்தான். 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே அது இருந்தது. செய்த வேலைக்குப் பெயர் தட்டிச் செல்வதையும் "கிரெடிட் எடுத்துக்கொண்டார்" என்கிறார்கள். அந்தக் கிரெடிட்டுக்கு எந்தப் பேரேட்டிலும் பக்கம் இல்லை.

பில் புத்தகம் அடுத்து அச்சடிக்கும்போது "கிரெடிட்" என்று மொட்டையாகப் போடாமல், "தவணை ...... நாள், கெடு தேதி ......, வாங்குபவர் கையெழுத்து ......" என்று மூன்று இடம் விட்டு அச்சடிக்கச் சொல்லுங்கள். அச்சகத்தில் இதற்கென்று தனியாகக் காசு கேட்க மாட்டார்கள்.