எட்டாம் வகுப்பின் வாசலில்



மதுரை மாநகரின் கிழக்கே, யானைமலைப் பக்கத்துச் சிற்றூரான கொடிக்குளத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்று இருந்தது. 2024ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் அதன் பெயர் தமிழகமெங்கும் பேசப்பட்டது. பூரணம் அம்மாள் என்னும் பெண்மணி, 7 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள தம் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அப்பள்ளிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். இளமையிலேயே கணவரை இழந்து, கருணை அடிப்படையில் வங்கியில் எழுத்தர் வேலை பெற்று, மகளை வளர்த்தவர் அவர். அம்மகள் ஜனனியும் இறந்துவிட்டாள். எட்டாம் வகுப்போடு நின்ற பள்ளி உயர்நிலைப் பள்ளியாக உயர வேண்டும், அங்கு எழும் கட்டடங்கள் மகளின் பெயரைத் தாங்க வேண்டும் என்பவையே அவருடைய விண்ணப்பம். அவ்வாண்டுக் குடியரசு நாளில் முதலமைச்சரின் சிறப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது.

காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து ஏழைக் கைம்பெண்ணின் கொடையைக் கண்ட நம் ஆண்டவர், இக்கைம்பெண்ணின் கொடையையும் கண்டிருப்பார். ஆனால் அவர் கண்ட தேவையை நாம் கண்டோமா? எட்டாம் வகுப்பின் வாசலில் பிள்ளைகள் நின்றுவிடுவதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

யாருடைய பிள்ளைகள்?

கிராமத்து நடுநிலைப் பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்து வருவதை எல்லாரும் அறிவர். அதற்கு முதற்காரணம், குடும்பங்களில் பிள்ளைகளே குறைந்துவிட்டமை. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைகளே. மற்றொரு காரணம், வசதி உள்ளோர் தம் மக்களை வேன் ஏற்றி நகரத்து ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்புவது.

எஞ்சியிருப்போர் பெரும்பாலும் கூலி வேலை செய்வோரின் மக்கள். மதுரையைச் சுற்றியுள்ள மல்லிகைத் தோட்டங்களில் விடியுமுன்னரே மொட்டுப் பறித்தாக வேண்டும். மலர்ந்துவிட்டால் விலை இல்லை. தாய் பூப்பறிக்கப் போய்விட்டால், வீட்டைப் பெருக்கித் தம்பியை எழுப்பி அனுப்ப வேண்டியவள் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள். 2022 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரையில் தொடங்கப்பெற்ற காலைச் சிற்றுண்டித் திட்டம் முதல் ஐந்து வகுப்புகளுக்கென வகுக்கப்பட்டது. தம்பிக்குச் சிற்றுண்டி கிடைத்த அதே பள்ளிக்கு, பசியோடு வந்து பாடம் கேட்ட அக்காள்மார் உண்டு.

சதவீதம் சொல்லாத செய்தி

இப்பிள்ளைகளின் தேர்ச்சியைச் சதவீதத்தால் மட்டும் அளப்பது நியாயமன்று. பத்துப் பேர் உள்ள வகுப்பில் ஒருவன் காய்ச்சலில் படுத்தால் பத்துச் சதவீதம் குறைகிறது. நூறு பேர் உள்ள வகுப்பில் அதே அளவு குறையப் பத்துப் பேர் தவற வேண்டும். ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் வகுப்புக்கு ஓர் ஆசிரியரேனும் இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். மூவரே உள்ள இடத்தில் ஒருவர் பயிற்சிக்குச் சென்றால், இரு வகுப்புகள் ஓர் அறையில் அமர்கின்றன.

ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் எட்டாம் வகுப்பை முடித்தனர்? அவர்களுள் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்தனர்?

இக்கேள்வியை நானும் நெடுநாள் கேட்டதில்லை. ஆண்டுதோறும் ஞாயிறு திருப்பலியின் இறுதியில், பத்தாம் வகுப்பில் உயர்ந்த மதிப்பெண் பெற்றோரின் பெயர்களை வாசித்துக் கைதட்டச் செய்வேன். ஒருமுறை மறைக்கல்வி வகுப்புக்குத் தவறாமல் வந்த ஒரு சிறுமி பல வாரங்களாக வரவில்லை. வீட்டிற்குச் சென்று விசாரித்தேன். "எட்டாவது முடிச்சாச்சு சாமி. அடுத்த பள்ளிக்கூடத்துக்கு ரெண்டு பஸ் மாறணும். வயசுப் பிள்ளையை எப்படித் தனியா அனுப்புறது?" என்றார் தாய். அவள் பள்ளியை விட்டு நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பங்குத்தந்தையாகிய எனக்கு அது தெரியாது!

அறியாமையால் மூடும் கதவு

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் ஒதுக்கும் சட்டம் 2020இல் வந்தது. அவ்வாறே பயின்று உயர்கல்வி சேரும் மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. இவை எல்லாவற்றிற்கும் கணக்குத் தொடங்குவது ஆறாம் வகுப்பில். நாம் அற்பமாக எண்ணும் அச்சிறு பள்ளியே பல ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரியின் முதற்படி. எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்கோ, இக்கதவுகள் அனைத்தும் ஓசையின்றி மூடிவிடுகின்றன.

நாம் செய்யத்தக்கவை

1606இல் தெ நோபிலி அடிகளார் மதுரைக்கு வந்தபோது, அவருக்கு முன்னரே இங்கிருந்த பெர்னாண்டஸ் அடிகளார் ஒரு சிறு பள்ளியை நடத்திக் கொண்டிருந்தார். இந்நகரில் திருமறைப் பணியும் எழுத்தறிவுப் பணியும் அன்றே இணைந்து நடந்தன. பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர் என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. அந்தக் கடமையை நிறைவேற்ற இயலாது தவிக்கும் பெற்றோர்க்குத் துணை நிற்பது நம் கடமையன்றோ?

ஒவ்வோர் அன்பியமும் சூன் மாதத்தில் தன் எல்லைக்குள் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளைச் சாதி சமய வேறுபாடின்றி எண்ணட்டும். ஒன்பதில் சேராதவர் வீட்டிற்கு இருவர் சென்று வரட்டும். தனியே பேருந்தேற அஞ்சும் சிறுமியர் நால்வராய்ச் சேர்ந்து செல்ல வழி செய்யட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம்; நம் தாய்மார் அதில் துணிந்து அமரட்டும்.

நிலம் கொடுக்க எல்லாராலும் இயலாது. ஒரு பிள்ளையின் பெயரை நினைவில் வைத்து, "ஒன்பதில் சேர்ந்துவிட்டாயா?" என்று கேட்க எல்லாராலும் இயலும். வருகிற சூன் மாதம் அக்கேள்வியோடு நம் தெருவில் நடப்போம். இறைவன் நம்மோடு நடப்பாராக!