ஃப்ளோரைட் தந்த விரிசல்... அதே வழியில் வந்த ரேடான்!

இன்றைய கனடாவின் கிழக்குக் கோடி, நியூஃபவுண்ட்லாந்து தீவு. அங்கே செயின்ட் லாரன்ஸ் என்றொரு மீனவர் ஊர். 1929 நவம்பர் 18 அன்று வந்த சுனாமி, அந்தக் கடலோரத்தில் 28 பேரைக் கொன்றது. படகுகள் போயின, மீன்பாடும் குறைந்தது.

ஊருக்கு மிஞ்சியது, காலடியில் கிடந்த ஃப்ளோரைட். சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன் உருகிய கிரானைட் குழம்பு ஆறியபோது பாறையில் விரிசல்கள் விழுந்தன. ஃப்ளோரின் கலந்த வெந்நீர் அவற்றில் ஏறிப் படிய, பாறைக்குள் நரம்புபோல ஓடியது இந்தக் கனிமம். எஃகு, அலுமினியத் தயாரிப்புக்கு இது அவசியம். 1933-ல் தோண்ட ஆரம்பித்தார்கள்.

தண்ணீர் விடாமல் துளையிட்டதில் நுரையீரலெல்லாம் கல்தூசி. அதைவிடப் பெரிய ஆபத்து கண்ணுக்கே தெரியவில்லை. கனிமம் வந்த அதே விரிசல்கள் வழியே நிலத்தடி நீரும் கசிந்தது. அதில் கரைந்திருந்த ரேடான் என்ற கதிரியக்க வாயு சுரங்கக் காற்றில் கலந்தது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. இத்தனைக்கும் அது யுரேனியச் சுரங்கம்கூட இல்லை!

தொழிலாளர்கள் நுரையீரல் புற்றுநோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். 1959-60-ல் காற்றை அளந்த பிறகுதான் காரணம் புரிந்தது. உடனே காற்றோட்ட இயந்திரங்கள் வந்தன. அதற்குள் ஆண்டுக்கணக்கில் அந்தக் காற்றைச் சுவாசித்திருந்தார்கள்.